முடிந்தது என்று சொன்ன பிறகு 16 வருடங்கள்

நைஜீரியக் கால்பந்து ஆட்டக்காரர் நுவாங்க்வோ கானு தவறவிட்ட ஒரு கோலில்தான் இதைத் தொடங்க வேண்டும். 2004 நவம்பர், இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ மைதானம், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் சட்டையில் கானு. பந்து கோல்முகத்துக்கு வருகிறது, கோல்கோட்டுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கஜம் இருந்தால் அதிகம், கால் பட்டால் போதும். பட்டது. பந்து கம்பிக்கு மேலே போய்விட்டது. கால்பந்து வரலாற்றிலேயே மோசமான தவறுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இது இருக்கும், பார்க்கிறவர்களும் சிரிப்பார்கள்.

எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. அந்தக் கோலை விடுவதற்குக்கூட அவர் அங்கே இருந்திருக்கக் கூடாது. அதற்கு எட்டு வருடம் முன்னாலேயே, இருபது வயதில், இனி உன்னால் ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவர் 16 வருடம் ஆடினார். அந்த 16 வருடத்தில் அற்புதமான ஆட்டங்களும் உண்டு, பெஞ்சில் உட்கார்ந்தே கழிந்த மாதங்களும் உண்டு, இந்த மாதிரி மானம் போன நாட்களும் உண்டு. எனக்கு எல்லாமே ஒரே கணக்கில்தான் சேரும்.

என் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். நாங்கள் வளர்ந்தது வடசென்னையில். அங்கே கிரிக்கெட்டுக்கு நிகராகக் கால்பந்தும் உண்டு. அண்ணன் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். ஆறாவது படிக்கும்போது அவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, அப்புறம் முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி வீங்கியது. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். அதையும் மீறி இதயத்தின் மிட்ரல் வால்வு சுருங்கிப் போயிருந்தது, 19 வயதில் படியேறினாலே மூச்சு வாங்கியது. 1998ல் தொடை வழியாகக் குழாய் விட்டுப் பலூனால் வால்வை விரித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "தம்பி, இனிமே பந்து வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்து, பூட்ஸைத் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். மறுவருடத் தொடக்கத்தில் கானு லண்டனின் ஆர்சனல் அணிக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு என்றால் கானுதான்.

கானு பிறந்தது 1976 ஆகஸ்ட் 1, தென்கிழக்கு நைஜீரியாவில் இமோ மாநிலத்தின் ஒவேரி நகரம். இக்போ மக்களின் பழைய கணக்கில் வாரத்துக்கு நாலே நாள்: எகே, ஓரியே, ஆஃபோ, ந்க்வோ. நாலும் சந்தை கூடும் நாட்கள். ந்க்வோ சந்தையன்று பிறந்த ஆண்பிள்ளை நுவாங்க்வோ. புதன்கிழமை பிறந்தான் என்று பெயரிலேயே சொல்வது போல. உலகம் முழுவதும் கானு கானு என்று கூப்பிட்டாலும் அவருடைய சொந்தப் பெயர் ஒரு சந்தை நாள்தான், எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம்.

ஒவேரியின் இவுவான்யன்வு நேஷனல் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பையன், 1993ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனான். இறுதி ஆட்டத்தில் கானாவை 2-1 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள். அந்த அணியில் செலஸ்டின் பாபயாரோ இருந்தார், வில்சன் ஒருமா இருந்தார். கானுவை அதே வருடம் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கூட்டிக்கொண்டது. இன்றைக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பையன்கள் ஐரோப்பாவுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். இளையோர் போட்டி ஒன்றில் யாராவது பார்ப்பார்கள், ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் மாதிரி நடுவழி நாடு ஒன்று எடுத்துக்கொள்ளும், தேறினால் இத்தாலி, இங்கிலாந்து. தேறாதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கானு தேறியது சாதாரணமாக இல்லை. லூயி வான் கால் பயிற்றுவித்த அந்த அயாக்ஸ் அணியில் க்ளைவர்ட், டேவிட்ஸ், சீடார்ஃப், டி போர் சகோதரர்கள், லிட்மானன், கூடவே இன்னொரு நைஜீரியர் ஃபினிடி ஜார்ஜ். 1995 மே 24, வியன்னாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரே ஏ.சி. மிலான். இரண்டாம் பாதியில் சீடார்ஃபுக்குப் பதிலாகக் கானு இறங்கினார், 18 வயது. 85வது நிமிடத்தில் இன்னொரு 18 வயதுப் பையன் க்ளைவர்ட் கோல் போட, 1-0. அடுத்த வருடம் மறுபடியும் இறுதி ஆட்டம், ரோமில். இந்த முறை யுவென்டஸிடம் பெனால்டியில் தோல்வி. இருபது வயது ஆவதற்கு முன்னால் இரண்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்கள்.

ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல் உயரம், மெலிந்த நீளமான கால்கள், பெரிய பாதம். தூரத்திலிருந்து பார்த்தால் தடுமாறுகிற மாதிரி இருக்கும். பந்து காலுக்கு வந்ததும் மைதானத்தில் எல்லாம் மெதுவாகிவிடும். அவர் அவசரப்படவே மாட்டார். எதிரி கால் நீட்டும்வரை பந்தைக் காட்டிக்கொண்டே நிற்பார், கால் நீண்டதும் பந்து அங்கே இருக்காது. உயரமான ஃபார்வர்டு என்றால் தலையால் முட்டத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த உயரத்தில் ஒருவர் பந்தைப் பூனைக்குட்டி மாதிரி வைத்திருப்பதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

அப்புறம் 1996. நைஜீரியாவில் அப்போது சானி அபாச்சாவின் ராணுவ ஆட்சி. முந்தின நவம்பரில்தான் எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டிருந்தார்கள், உலகமே கண்டித்தது, தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவும் கடுமையாகப் பேசினார். அந்த மனக்கசப்பில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையிலிருந்து நைஜீரியா விலகிக்கொண்டது, அதற்குத் தண்டனையாக 1998 கோப்பையிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. நடப்புச் சாம்பியனாக இருந்த ஓர் அணிக்கு, அதன் மிகச் சிறந்த வருடங்களில், இரண்டு கோப்பைகள் இப்படிப் போயின. ஆட்சியில் இருந்தவர்கள் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தது ஆட்டக்காரர்கள்.

மிச்சம் இருந்தது அட்லாண்டா ஒலிம்பிக். 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கானு கேப்டன். தூர்தர்ஷனில் துண்டு துண்டாகக் காட்டியதைத்தான் நாங்கள் பார்த்தோம், ஆனால் அது போதும். ஜூலை 31, அரையிறுதி, பிரேசில். ரொனால்டோ, பெபெட்டோ, ரிவால்டோ, ரொபெர்டோ கார்லோஸ் எல்லாரும் இருந்த பிரேசில். இடைவேளையில் நைஜீரியா 1-3 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் ஒகோச்சா பெனால்டியையும் வீணடித்தார். எல்லாரும் டிவியை அணைத்திருப்பார்கள். 78வது நிமிடத்தில் இக்பேபா ஒன்று போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் கோல்முகத்தில் ஒரே நெரிசல், கானு முதுகைக் காட்டி நின்றபடி பந்தைக் காலால் மெல்லத் தூக்கி, பாய்ந்து வந்த கீப்பர் டிடாவை ஏமாற்றித் திரும்பி அடித்தார். 3-3. அத்தனை பேர் மேலே விழுந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி பந்தைத் தூக்க எப்படித்தான் நேரம் கிடைத்ததோ. கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவர் வென்றார் என்பது அப்போதைய விதி. 94வது நிமிடத்தில் அதையும் கானுவே போட்டார். மறுநாள் அவருக்கு 20 வயது நிறைந்தது. ஆகஸ்ட் 3ல் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்று தங்கம். ஒலிம்பிக் கால்பந்தில் ஆப்பிரிக்காவுக்கு முதல் தங்கம் அது.

அந்தக் கோடையில்தான் இன்டர் மிலான் அவரை வாங்கியிருந்தது. கழுத்தில் தங்கத்தோடு மிலானுக்குப் போனவரை வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் படுக்க வைத்தார்கள். இத்தாலியில் இந்த விஷயத்தில் சட்டமே இருக்கிறது. போட்டி விளையாட்டில் இறங்குகிற எவரும் ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்தைச் சோதித்து, தகுதி உண்டு என்று கையெழுத்து வாங்க வேண்டும், 1982லிருந்து. மற்ற பல நாடுகளில் அந்தக் காலத்தில் இவ்வளவு கறார் கிடையாது. கானுவின் பெருந்தமனி வால்வு சரியில்லை என்று தெரிந்தது.

பெருந்தமனி வால்வு என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் உள்ள கதவு. ரத்தம் வெளியே போனதும் அது மூடிக்கொள்ள வேண்டும். சரியாக மூடவில்லை என்றால் அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே விழும், இதயம் அதையும் சேர்த்து மறுபடி தள்ள வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் இரட்டை வேலை. இடது கீழறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துப் போகும். கொடுமை என்னவென்றால் இளம் வயதில், நல்ல பயிற்சியில் இருக்கிற உடம்பில், இது வருடக்கணக்கில் வெளியே தெரியாமலே இருக்கும். பிரேசிலுக்கு எதிராக 94 நிமிடம் ஓடிய உடம்புதான் அது.

நைஜீரியர்களுக்கு இதைக் கேட்டதும் என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1989 ஆகஸ்ட் 12, லாகோஸ் தேசிய மைதானத்தில் அங்கோலாவுக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். சாமுவேல் ஒக்வராஜி, நடுக்கள ஆட்டக்காரர், சட்டம் படித்தவர், ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்தவர், 77வது நிமிடத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் சரிந்து விழுந்தார். 25 வயது. இதயம் பெருத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அவரும் கானு பிறந்த அதே இக்போ மண்ணைச் சேர்ந்தவர். கானுவுக்கு அப்போது 13 வயது. அந்தத் தலைமுறை நைஜீரியப் பையன்கள் யாரும் அந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். அதனால் மிலானில் அந்த மருத்துவர்கள் ஆடாதே என்று சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஓர் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்தப் பரிசோதனை இல்லாமல் போயிருந்தால் கானுவும் ஏதோ ஒரு மைதானத்தில் சரிந்திருக்கலாம்.

இன்டர் தலைவர் மாசிமோ மொராட்டி அவரைக் கைவிடவில்லை. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டு ஊருக்கு அனுப்பியிருக்கலாம், ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்தானே. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிற க்ளீவ்லாந்து கிளினிக்குக்குக் கானு போனார். 1996 நவம்பரில் நெஞ்சைத் திறந்து வால்வைச் சரிசெய்தார்கள். அந்த வருடத்தின் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் வந்தது. ஒரே வருடத்துக்குள் ஐரோப்பிய இறுதி ஆட்டம், ஒலிம்பிக் தங்கம், இதய அறுவை, கண்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். இதை எழுதும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது.

1997 ஏப்ரலில் இன்டர் அணிக்குத் திரும்பினார். ஆனால் மிலானில் அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை. மொத்தம் 12 லீக் ஆட்டங்கள், ஒரு கோல், அவ்வளவுதான். ரொனால்டோ வந்துவிட்டார், இடமில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தோல்வி மாதிரித் தெரியும். அறுவை சிகிச்சை ஆன ஒருவர் வீட்டில் இருந்தால்தான் அந்த இரண்டு வருடத்தின் அர்த்தம் தெரியும். தழும்பு ஆறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் இது சாதாரண மூச்சிரைப்பா, அந்த மூச்சிரைப்பா என்று மனசு ஒரு கணம் நின்று கேட்கும். அண்ணன் தெருமுனைக் கடைக்கு நடந்து போய் வந்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துப் பார்ப்பார், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கானு அந்தக் கேள்வியோடு இத்தாலிய லீக் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஓடினார்.

ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் அவரை 1999ல் லண்டனுக்குக் கொண்டுவந்தார், 41.5 லட்சம் பவுண்டு. முதல் ஆட்டமே வம்பாகப் போனது. பிப்ரவரி 13, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, எதிரே ஷெஃபீல்டு யுனைடெட். அடிபட்டு விழுந்த தங்கள் ஆள் ஒருவருக்குச் சிகிச்சை செய்வதற்காக அவர்கள் பந்தை வெளியே அடித்தார்கள், அதை அவர்களுக்கே திருப்பித் தருவதுதான் வழக்கம். ஆர்சனலின் ரே பார்லர் அப்படித்தான் எறிந்தார். விஷயம் புரியாத கானு குறுக்கே ஓடிப் பந்தை எடுத்துத் தன் அணியின் ஓவர்மார்ஸுக்குக் கொடுக்க, அவர் கோலாக்கிவிட்டார். 2-1. மைதானமே கொந்தளித்தது. விதிப்படி கோல் செல்லும், ஆனால் வெங்கர் ஆட்டம் முடிந்ததுமே மறுபடி ஆடலாம் என்றார், பத்து நாளில் ஆடினார்கள், அதிலும் ஆர்சனலே 2-1. புது ஊர், புது அணி, முதல் நாளே மோசடிக்காரன் என்று கூச்சல். அதற்குப் பிறகு அதே வசந்தத்தில் மிடில்ஸ்பரோவில் குதிகாலால் ஒரு கோல், டாட்டன்ஹாமில் தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கம் போய் ஒரு கோல். கூச்சல் அடங்கிவிட்டது.

1999 அக்டோபர் 23 ஆட்டத்தைப் பற்றி நான் எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. செல்சீயின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம், மழை, செல்சீ 2-0 முன்னிலை, 75 நிமிடம் ஆகிவிட்டது. கானு ஒன்று போட்டார். 83ல் இன்னொன்று. கடைசி நிமிடங்களில் இடது ஓரத்தில், கிட்டத்தட்ட கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், பந்து அவர் காலுக்கு வந்தது. செல்சீ கோலி எட் டி கூய் என்ன நினைத்தாரோ, கோலை விட்டு அவ்வளவு தூரம் வெளியே ஓடி வந்துவிட்டார். கானு ஒரு பொய் அசைவு காட்டினார், டி கூய் தாண்டிப் போய்விட்டார். இப்போது கானு நிற்பது எல்லைக்கோட்டை ஒட்டி, கோல் தெரிவதே ஒரு கீற்றுதான், கோல்கோட்டில் டெசாயி நிற்கிறார், லெபூஃப் நிற்கிறார், இரண்டு பேரும் உலகக் கோப்பை வென்றவர்கள். வேறு யாராக இருந்தாலும் நடுவில் ஓடி வருகிற ஆளுக்குப் பாஸ் கொடுத்திருப்பார்கள். கானு வலது காலால் வளைத்து விட்டார், இரண்டு தலைக்கும் மேலே, கம்பிக்குக் கீழே. 3-2.

அந்தத் தொகுப்பை நாங்கள் பார்த்தபோது அண்ணன் கத்தவில்லை. அவர் மூன்றாவது கோலுக்கு முந்தைய அந்த அசைவையே திரும்பத் திரும்பச் செய்து காட்டிக்கொண்டிருந்தார், லுங்கியோடு, கூடத்தில். ஒன்றரை வருடமாகப் பந்து பக்கமே போகாத கால். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அந்த சீசனில் 17 கோல்கள், 1999க்கான ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டாம் முறையாக. ஆனால் அங்கிருந்து படிப்படியாகக் கானு பெஞ்சுக்குத்தான் போனார். தியரி ஆன்ரி, டெனிஸ் பெர்க்காம்ப் இருக்கிற அணியில் மூன்றாவது ஆள். ஆர்சனலில் ஐந்தரை வருடம், 198 ஆட்டம், 44 கோல். அந்த 198ல் பல ஆட்டங்களில் கடைசி இருபது நிமிடம், பத்து நிமிடம்தான் ஆடினார். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் மட்டும் நூறு தடவைக்கு மேல் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருக்கிறார். 2002ல் லீக், கோப்பை இரண்டும் வென்ற அணியிலும், 2003-04ல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காத அணியிலும் இருந்தார், கடைசியில் சொன்ன சீசனில் ஆடியது கொஞ்சம்தான்.

திறமையை வீணாக்கிவிட்டார், இன்னும் பெரிய ஆளாகியிருக்க வேண்டும் என்று நிறைய பேர் சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. இருபது வயதில் அவருக்கு முன்னால் இருந்த பாதையோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். நான் 1996 நவம்பரில் க்ளீவ்லாந்தில் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரை வைத்து அளக்கிறேன். அந்தக் கட்டிலில் இருந்தவரிடம் போய், நீ ஆன்ரிக்குப் பின்னால் பெஞ்சில் உட்காருவாய், 80வது நிமிடத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவாய் என்று சொல்லியிருந்தால், அவர் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன், சந்தோஷத்தில்.

நைஜீரியாவுக்காக ஆடியதில் சோகங்கள்தான் கூட. 2000 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம் லாகோஸிலேயே நடந்தது, கேமரூனோடு சமன், பெனால்டி. கானு அடித்ததைக் கீப்பர் தடுத்துவிட்டார். இக்பேபா அடித்தது கம்பியில் பட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. ஒக்வராஜி விழுந்த அதே மைதானம். மூன்று உலகக் கோப்பைகளில் ஆடினார், 1998, 2002, 2010. ஆப்பிரிக்கக் கோப்பை மட்டும் கடைசிவரை கைக்கு வரவே இல்லை.

2003 ஜூன் 26, பிரான்சின் லியோனில் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ, கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில், நடுக்களத்தில் விழுந்தார். 28 வயது. இதயத்தசை நோய். அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை. கானு அப்போதும் ஆர்சனலில்தான் இருந்தார், அடுத்த சீசனுக்குப் பயிற்சிக்குப் போனார். அந்த முதல் நாள் காலையில் அவர் என்ன நினைத்துக்கொண்டு பூட்ஸைக் கட்டியிருப்பார் என்பதை நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

வெஸ்ட் பிராமுக்கு 2004ல் போனார். அந்தக் கோலை விட்டது அங்கேதான். ஆனால் அதே சீசன் எப்படி முடிந்தது என்பதை அந்தச் சிரிப்புப் பட்டியல் போடுகிறவர்கள் சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் அன்று அட்டவணையில் கடைசி இடத்தில் இருந்த அணி எதுவும் பிரீமியர் லீக்கில் அதுவரை கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்ததில்லை. வெஸ்ட் பிராம் கடைசி நாளில் போர்ட்ஸ்மத்தை 2-0 என்று வென்று தப்பித்தது. அந்த அணியில் கானு இருந்தார். அப்புறம் 2006ல் அதே போர்ட்ஸ்மத்துக்கே போனார், முதல் ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி இரண்டு கோல் போட்டு ஒரு பெனால்டியையும் வீணடித்தார். கானு என்றால் அதுதான், ஒரே மாலையில் இரண்டும் இருக்கும். பின்னால் அந்தக் கிளப் கடனில் மூழ்கி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியபோதும் கூடவே இருந்தார், 2012ல் சம்பள பாக்கித் தகராறோடுதான் வெளியே வந்தார். அந்த வருடம் 36 வயது. கால்பந்து வாழ்க்கை அப்படி ஒரு கணக்குச் சண்டையில் முடிந்தது வருத்தம்தான்.

கானு பெயரில் இதய அறக்கட்டளை தொடங்கியது 2000ல். அதாவது அறுவை முடிந்து நாலே வருடத்தில், ஆட்டத்தின் உச்சியில் இருக்கும்போதே. பிறவியிலேயே இதயக் குறையோடு இருக்கும் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு, நைஜீரியாவில் அந்த அறுவை கிடைக்காத காலத்தில், வெளிநாடு அனுப்பிச் செய்து கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள். இங்கிலாந்து, இஸ்ரேல் என்று ஆரம்பித்து இந்திய மருத்துவமனைகளுக்கும் வந்தார்கள். எங்கோ ஒவேரியில் பிறந்த ஒருவர் மூலமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் நம் நாட்டு மருத்துவமனைப் படுக்கையில் கண் விழித்தார்கள் என்று படித்தபோது ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் படுக்கைக்குப் பக்கத்து நாற்காலி எனக்குத் தெரியும். 2014ல், ஓய்வுக்குப் பிறகு, கானுவே மறுபடி அமெரிக்காவில் இதய சிகிச்சைக்குப் போக வேண்டி வந்தது. வால்வைச் சரிசெய்வது என்றால் ஆயுளுக்கும் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. இடைவெளி கிடைக்கும், அவ்வளவுதான், அவருக்கு நீண்ட இடைவெளி கிடைத்தது.

கானு ஆடினார், அதனால் எல்லாரும் ஆடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணனின் மருத்துவர் சொன்னது சரி. அண்ணனுக்கு வந்தது வேறு நோய், வேறு வால்வு, அவர் பந்தைத் தொடாமல் இருந்ததால்தான் இன்றும் எங்களோடு இருக்கிறார் என்று நம்புகிறேன். 2021ல் கிறிஸ்டியன் எரிக்சன் டென்மார்க்குக்காக ஆடும்போது விழுந்து, இதயத்துக்குள் கருவி வைத்துக்கொண்டு, இத்தாலியச் சட்டத்தால் இன்டரை விட்டு இங்கிலாந்துக்குப் போய் ஆடியபோதும் வீட்டில் இதே பேச்சு வந்தது. அயாக்ஸில் வளர்ந்தவர், இன்டரில் இதயத்தால் நின்றவர், இங்கிலாந்தில் மீண்டவர். பாதைகூட அப்படியே கானுவின் பாதை. அண்ணன் எனக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

2008 மே 17 சனிக்கிழமை நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், போர்ட்ஸ்மத்துக்கும் கார்டிஃப் சிட்டிக்கும். அண்ணன் மகள் அவர் மடியில் பாதித் தூக்கத்தில். அரையிறுதியில் பழைய அணி வெஸ்ட் பிராமுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு அணியை அங்கே கொண்டுவந்தவர் கானுதான். 37வது நிமிடம், வலது பக்கத்திலிருந்து இன்னொரு நைஜீரியர் ஜான் உட்டாக்கா பந்தைக் குறுக்கே அடிக்கிறார், கார்டிஃப் கோலி எங்கெல்மன் பிடிக்கப் போய் நழுவவிடுகிறார், பந்து கோல்முகத்தில் உருள்கிறது. கானு அங்கே நின்றிருந்தார். காலை நீட்டித் தட்டினார். மிடில்ஸ்பரோவில் போனதே அதே மாதிரி ஒரு கஜம், இரண்டு கஜம். இந்த முறை உள்ளே போனது.

"அவன் ஓடலடா, பாத்தியா," என்றார் அண்ணன். "வரும்னு தெரிஞ்சு நின்னான்."

1-0. 1939க்குப் பிறகு போர்ட்ஸ்மத்துக்கு அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது கானுவை வெளியே அழைத்தார்கள், பரோஷ் உள்ளே போனார். கானு எப்போதும் போல அவசரமே இல்லாமல் நடந்து வந்தார், மைதானத்தின் பாதி எழுந்து நின்று கைதட்டியது. அண்ணன் மகளை மெதுவாகப் பாயில் படுக்க வைத்துவிட்டு, அவரும் எழுந்து நின்றார். கானு வெள்ளைக்கோட்டைத் தாண்டி பெஞ்சில் உட்காரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.